ஒரு சொட்டு ரத்தமும் ஒரு நோபல் பரிசும்

முன்னாள் மாணவர், இயந்திரவியல் துறை, 2004–2008

சந்திப்பு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நம் சங்கச் செயலாளர் போனில் கேட்டபோது, "சார், எனக்கு மெஷின் டிராயிங் தவிர எதுவும் போடத் தெரியாதே" என்றுதான் முதலில் சொன்னேன். விடவில்லை. "ஹாஸ்டல் அனுபவம் எழுதுங்க தம்பி, எல்லாரும் ரசிப்பாங்க" என்றார். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும், வார்டனை ஏமாற்றி செகண்ட் ஷோ போனதைப் பற்றியும் மற்ற நண்பர்கள் எழுதியிருப்பார்கள். நான் எழுதப் போவது ஒரு விஞ்ஞானியின் கதை. ஆனால் அது நம் ஹாஸ்டல் மெஸ்ஸில்தான் தொடங்குகிறது.

இரண்டாம் ஆண்டில் நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் ரத்ததான முகாம் நடந்தது. பிஸ்கட்டும் ஃப்ரூட்டியும் கிடைக்கும், இரண்டு பீரியட் கட் அடிக்கலாம் என்று எங்கள் அறையிலிருந்து மூன்று பேர் போனோம். சில வாரங்கள் கழித்து என் அறைத்தோழனுக்கு ஒரு கடிதம் வந்தது. அவன் ரத்தத்தில் 'ஹெபடைடிஸ் பி' இருக்கிறது, மருத்துவரைப் பார்க்கவும் என்று இரண்டே வரி. அன்று மாலைக்குள் ஹாஸ்டல் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. எய்ட்ஸை விட நூறு மடங்கு வேகமாகத் தொற்றும் என்று எங்கோ போஸ்டரில் படித்ததை ஒருத்தன் சொன்னான். அவ்வளவுதான். மெஸ்ஸில் அவன் உட்கார்ந்த பெஞ்சு காலியானது. எல்லாத் தட்டும் ஒரே மாதிரி எவர்சில்வர் தட்டு. எது அவனுடையது என்று தெரியவேண்டுமே! ஒரு தட்டின் அடியில் ஆணியால் ஒரு புள்ளி வைக்கப்பட்டது. இனி அவனுக்கு அந்தத் தட்டு.

அந்தப் புள்ளியை வைத்தவன் நான்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது வெளியே ரூம் எடுத்துப் போய்விட்டான். அவனுக்கு வந்த நோயைப் பற்றி நான் உருப்படியாகப் படித்தது, என் மனைவி கர்ப்பமாக இருந்தபோது அதே பரிசோதனையை அவளுக்கும் எழுதிக் கொடுத்த பிறகுதான். படிக்கப் படிக்க, அந்த இரண்டு வரிக் கடிதத்துக்குப் பின்னால் எவ்வளவு பெரிய ஆராய்ச்சி இருக்கிறது என்று வியப்பாக இருந்தது. அந்த ஆராய்ச்சியைச் செய்தவர் பெயர் பாருக் பிளம்பெர்க்.

பள்ளிக்கூடத்துக்கு மூன்று நோபல்

1925 ஜூலை 28-ந் தேதி நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் பிளம்பெர்க். ஃபார் ராக்கவே உயர்நிலைப் பள்ளியில் படித்தார். முன்னாள் மாணவர் மலரில் இதைச் சொல்லாமல் விட முடியாது: அந்தச் சாதாரண அரசுப் பள்ளியில் படித்த மூன்று பேர் நோபல் பரிசு வாங்கியிருக்கிறார்கள். 1965-ல் இயற்பியலுக்கு ரிச்சர்ட் ஃபெய்ன்மேன். 1976-ல் இயற்பியலுக்கு பர்ட்டன் ரிக்டர். அதே 1976-ல் மருத்துவத்துக்கு நம் பிளம்பெர்க். அந்தப் பள்ளியின் சங்கத்துக்கு மலர் போட விஷயத்துக்குப் பஞ்சமே இருந்திருக்காது!

இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் சேர்ந்து தரையிறக்கக் கப்பல்களில் அதிகாரியாக இருந்தார். படித்தது மருத்துவம் அல்ல; 1946-ல் யூனியன் கல்லூரியில் இயற்பியல் பட்டம். அடுத்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணிதம். நீ டாக்டருக்குப் படியேன் என்று அப்பா சொல்ல, பாதியில் மருத்துவத்துக்கு மாறினார். அப்பா சொல்லிப் படிப்பை மாற்றுவது நம் ஊரில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

1950-ல், மருத்துவ மாணவராக இருக்கும்போதே, தென் அமெரிக்காவின் வடகரையில் உள்ள சூரிநாம் நாட்டின் மோயெங்கோ என்ற சுரங்க ஊருக்குச் சில மாதங்கள் போனார். அலுமினியத்துக்கான பாக்சைட் தாது எடுக்கும் ஊர். ஆற்று வழியாகத்தான் போய்ச் சேர முடியும். கரும்புத் தோட்டங்களில் வேலைக்காக ஜாவாவிலிருந்தும், ஆப்பிரிக்காவிலிருந்தும், சீனாவிலிருந்தும், நம் இந்தியாவிலிருந்தும் கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததியார் அங்கே அடுத்தடுத்து வாழ்ந்தார்கள். அங்கே யானைக்கால் நோய்க் கிருமியைப் பற்றி ஆராய்ந்தார். ஒரே ஊர், ஒரே கொசு, ஒரே புழு. ஆனால் நோய் ஒவ்வொரு கூட்டத்தாரிடமும் வேறு வேறு அளவில் இருந்தது.

ஏன் இவனுக்கு வருகிறது, அவனுக்கு வருவதில்லை? இந்த ஒரு கேள்விதான் அவர் வாழ்நாள் முழுவதும் துரத்திய கேள்வி. அவர் அப்போது எதிர்பார்த்த விடை, அது பிறப்பிலேயே உடம்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது. அதாவது மரபணு.

கஞ்சிப் பசையும் ரத்தமும்

டாக்டர் பட்டம் பெற்று, ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தபின், ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரியில் சேர்ந்து 1957-ல் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றார். அந்தச் சமயத்தில் ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்க ஒரு புது முறை வந்திருந்தது. கனடாவில் டொரண்டோவில் வேலை செய்த ஆலிவர் ஸ்மிதீஸ் 1955-ல் வெளியிட்டது. மாவுப் பசையைக் கட்டியாக உறைய வைத்து, அதில் ரத்த நீரை வைத்து மின்சாரம் செலுத்தினால், புரதங்கள் அளவுக்கும் மின்னேற்றத்துக்கும் தக்கபடி தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து நிற்கும். சின்ன வயதில் அம்மா சட்டைக்குக் கஞ்சி போட்டதும், அது ஆறியதும் உறைந்துபோனதும் ஸ்மிதீஸுக்கு நினைவுக்கு வந்ததாம். அதிலிருந்து பிறந்த யோசனை. நம் வீட்டிலும்தான் கஞ்சி போட்டார்கள். நமக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இந்த முறையில் பார்த்தபோது ஒரு விஷயம் தெளிவானது. ஒரே வேலையைச் செய்யும் புரதம்கூட மனிதருக்கு மனிதர் கொஞ்சம் வேறுபட்டிருக்கிறது. ஏ, பி, ஓ ரத்த வகைகள் மாதிரி, வெளியே தெரியாத வேறுபாடுகள் ரத்தத்தில் ஏராளம். பிளம்பெர்க் 1957-ல் நைஜீரியாவுக்குப் போய் ரத்த மாதிரிகள் சேகரித்தார். பிறகு ஸ்பெயினின் பாஸ்க் மக்கள், அலாஸ்காவின் எஸ்கிமோக்கள், பசிபிக் தீவு மக்கள் என்று அவர் பட்டியல் நீண்டது. அதே ஆண்டு அமெரிக்காவின் தேசிய சுகாதார ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். குளிர்பெட்டி நிறைய உலகத்து ரத்தம்!

அப்போது அவருக்கும், ஆக்ஸ்ஃபோர்டில் பழக்கமான அந்தோணி அலிசனுக்கும் ஒரு யோசனை வந்தது. பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளியின் உடம்பில் அடுத்தவர்களுடைய புரதங்கள் நுழைகின்றன. தன்னுடையதிலிருந்து வேறுபட்ட புரதத்தைக் கண்டால் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கும் அல்லவா? அப்படியானால் அந்த நோயாளியின் ரத்த நீரே, இதுவரை தெரியாத புரத வேறுபாடுகளைக் காட்டிக்கொடுக்கும் ஒரு கருவி ஆகிவிடும்.

சோதனை மிக எளிமையானது. ஒரு கண்ணாடித் தகட்டில் அகர் என்னும் கடற்பாசிக் கூழை ஊற்றி உறையவைத்து, நடுவில் ஒரு குழி, சுற்றிலும் சில குழிகள். நடுக் குழியில் நோயாளியின் ரத்த நீர். சுற்றிலும் மற்றவர்களின் ரத்த நீர். இரண்டும் கூழுக்குள் மெல்லப் பரவும். ஒன்றுக்கொன்று பொருந்தும் எதிர்ப்பொருளும் புரதமும் சந்திக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழும். அவ்வளவுதான், நம் முதலாண்டு கெமிஸ்ட்ரி லேபிலேயே செய்யலாம்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கோடு

1963-ல் அவரோடு ஹார்வி ஆல்ட்டர் என்ற இளம் டாக்டரும் இந்த வேலையில் இருந்தார். நியூயார்க்கைச் சேர்ந்த, ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளி ஒருவரின் ரத்த நீரை இருபத்து நான்கு பேரின் மாதிரிகளோடு வைத்துப் பார்த்தார்கள். இருபத்து மூன்றில் ஒன்றும் இல்லை. ஒன்றில் மட்டும் கோடு. அது ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதரின் ரத்தம்.

முன்பு அவர்கள் பார்த்த கோடுகள் கொழுப்புச் சாயத்தை நன்றாகப் பிடித்தன. இது அப்படிப் பிடிக்கவில்லை. புரதச் சாயத்தில் சிவப்பாகத் தெரிந்தது. ஆகவே இது புதிது. 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பேர் வைத்தார்கள். 1965-ல் கட்டுரை வெளிவந்தது.

நியூயார்க்காரர் உடம்பில், ஆஸ்திரேலியக் காட்டு மனிதரின் ரத்தத்தோடு பொருந்தும் எதிர்ப்பொருள் எப்படி வந்தது? இங்கே வேறு ஆராய்ச்சியாளராக இருந்தால், ஏதோ ஒரு விசித்திரம் என்று ஒதுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். பிளம்பெர்க் தன் குளிர்பெட்டியைத் திறந்தார். ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சோதித்தார். சாதாரண அமெரிக்கர்களிடம் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் இருந்தது. ஆசிய, பசிபிக் மக்களில் பலரிடம் அதிகம். லுகீமியா என்னும் ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கு இருந்தது.

பிலிப்பைன்ஸிலும் பூகன்வில் தீவிலும் குடும்பம் குடும்பமாகப் பார்த்தபோது, இது பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு மெண்டல் விதிப்படி வருவது போலவே தெரிந்தது. சரி, இது ஒரு பரம்பரைக் குணம். இந்தக் குணம் உள்ளவர்களுக்கு லுகீமியா வரும் வாய்ப்பு அதிகம் என்று ஒரு கருதுகோள் அமைத்தார். கணக்கு ஒத்துப்போயிற்று. ஆனால் கருதுகோள் தவறு!

தப்பான கணக்கில் வந்த சரியான விடை

1964-ல் அவர் ஃபிலடெல்ஃபியாவின் ஃபாக்ஸ் சேஸ் பகுதியில் உள்ள புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்துக்கு மாறியிருந்தார். தன் கருதுகோளைச் சோதிக்க ஒரு வழி யோசித்தார். டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்கு லுகீமியா வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பது தெரிந்த விஷயம். அப்படியானால் அவர்களிடம் இந்த ஆன்டிஜென் அதிகம் இருக்க வேண்டும். பார்த்தார்கள். இருந்தது, ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது பேருக்கு!

வெற்றி என்று கொண்டாடியிருக்கலாம். ஆனால் இன்னும் கொஞ்சம் பார்த்தார்கள். பெரிய காப்பகங்களில் நெருக்கியடித்து வாழ்ந்தவர்களிடம் மிக அதிகம். சிறிய காப்பகங்களில் குறைவு. வீட்டில் வளர்ந்தவர்களிடம் இன்னும் குறைவு. பரம்பரைக் குணம் கட்டடத்தின் அளவைப் பார்த்தா வரும்?

அடுத்து ஒரு சம்பவம். டவுன் நோய்க்குறி உள்ள ஒருவருக்கு முதலில் பார்த்தபோது ஆன்டிஜென் இல்லை. 1966-ல் மறுபடி பார்த்தபோது இருந்தது. மரபணு என்றால் பிறப்பிலிருந்து இருக்க வேண்டும், நடுவில் முளைக்காது. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து முழுப் பரிசோதனை செய்தார்கள். இடைப்பட்ட காலத்தில் அவருக்கு, வெளியே மஞ்சள் தெரியாமலேயே, கல்லீரல் அழற்சி வந்திருந்தது.

1967 ஏப்ரலில் பிளம்பெர்க்கின் ஆய்வகத்திலேயே வேலை பார்த்த ஒரு பெண்மணிக்கு உடம்பு சரியில்லை, அசதி. தன் ரத்தத்தைத் தானே சோதனையில் வைத்தார். மறுநாள் காலை மங்கலாக ஒரு கோடு. பின்னாலேயே காமாலை. அவர் குணமானார். இந்தச் சோதனையால் கண்டுபிடிக்கப்பட்ட முதல் வைரஸ் கல்லீரல் அழற்சி அவருடையதுதான்.

அத்தனையும் விளங்கிற்று. ஆஸ்திரேலியா ஆன்டிஜென் மரபணுக் குணம் அல்ல. ஒரு வைரஸின் மேலுறை. ஹீமோஃபிலியா நோயாளி ஏற்றிக்கொண்ட ரத்தங்களில் ஏதோ ஒன்றில் அந்த வைரஸ் இருந்தது. அவர் உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கியது. லுகீமியாக்காரர்களுக்கு ரத்தம் ஏற்றியதால் தொற்றியது. குடும்பங்களில் பரம்பரை போலத் தெரிந்ததும் தாயிடமிருந்து பிள்ளைக்கும், கூடப் பிறந்தவர்களுக்கும் தொற்றியதுதான். டோக்கியோவில் ஓகோச்சி, நியூயார்க்கில் ஆல்ஃப்ரட் பிரின்ஸ் போன்றவர்கள் தனித்தனியாக இதை உறுதிப்படுத்தினார்கள். 1970-ல் லண்டனில் டேவிட் டேன் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் முழு வைரஸையே பார்த்துவிட்டார். குறுக்களவு 42 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் இருபதாயிரத்துக்கு மேல் வரிசையாக நிறுத்தலாம்.

இதற்கு முன்னும் இந்த நோய் ஆட்டம் போட்டிருக்கிறது. 1885-ல் ஜெர்மனியின் பிரேமன் நகரக் கப்பல் பட்டறையில், மனித உடம்பிலிருந்து எடுத்த நீரில் தயாரித்த அம்மை ஊசியைப் போட்டுக்கொண்ட 1,289 தொழிலாளர்களில் 191 பேருக்குக் காமாலை வந்தது. 1942-ல் அமெரிக்கப் படையில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி மூலமாக ஏறத்தாழ 50,000 வீரர்கள் காமாலையில் படுத்தார்கள். கிருமி எது என்று யாருக்கும் தெரியாது. எத்தனையோ பேர் வைரஸைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. தேடாமல் இருந்த மரபியல்காரர் கையில் சிக்கியது!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதே காலத்தில் நியூயார்க்கின் வில்லோபுரூக் காப்பகத்தில், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு வேண்டுமென்றே காமாலைக் கிருமியைக் கொடுத்து சால் குரூக்மன் ஆராய்ச்சி செய்தார். பயனுள்ள உண்மைகள் கிடைத்தன. ஆனால் அந்தக் குழந்தைகள் சம்மதம் சொல்லக்கூடியவர்களா? இன்றுவரை மருத்துவ நெறிமுறை வகுப்புகளில் இப்படிச் செய்யக் கூடாது என்பதற்கு உதாரணமாகச் சொல்லப்படுவது அது.

காலி உறையில் ஒரு தடுப்பூசி

இந்த வைரஸுக்கு ஒரு விநோதப் பழக்கம். தேவைக்கு மேல் உறைகளைத் தயாரித்துத் தள்ளும். நோயாளியின் ரத்தத்தில் முழு வைரஸைவிடக் காலி உறைகள் பல மடங்கு அதிகம். எடுத்துக்கொள்ள ஆள் இல்லாமல் தபால் நிலையத்தில் குவிந்து கிடக்கும் வெற்றுக் கவர் மாதிரி. உள்ளே கடிதம் இல்லை. ஆகவே நோய் வராது. ஆனால் கவரின் முகப்பைப் பார்த்து உடம்பு அடையாளம் தெரிந்துகொள்ளும்.

அப்படியானால் இந்தக் காலி உறைகளை மட்டும் பிரித்துச் சுத்தம் செய்து ஊசியாகப் போட்டால்? 1969-ல் பிளம்பெர்க்கும் இர்விங் மில்மனும் இந்த யோசனைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். மனித ரத்தத்திலிருந்தே தடுப்பூசி என்பதை முதலில் பலர் நம்பவில்லை. பின்னர் மெர்க் நிறுவனத்தில் மாரிஸ் ஹில்மன் அதைப் பாதுகாப்பான ஊசியாக்கினார். உல்ஃப் ஸ்மூனஸ் நியூயார்க்கில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் நடத்திய சோதனை முடிவு 1980-ல் வந்தது. ஊசி நன்றாகக் காத்தது. 1981-ல் அமெரிக்க அரசின் அனுமதி. 1986-ல், வைரஸ் உறைக்கான மரபணுவை ஈஸ்ட்டுக்குள் புகுத்தி, மனித ரத்தமே தேவையில்லாமல் தயாரித்த ஊசி வந்தது. மனிதருக்கான தடுப்பூசிகளில் மரபணுப் பொறியியல் மூலம் வந்த முதல் ஊசி அதுதான்.

இதன் பலன் என்ன? தைவானில் 22,707 அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்த பீஸ்லி, இந்த வைரஸைச் சுமப்பவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் ஆபத்து மற்றவர்களைப் போல 200 மடங்குக்கும் மேல் என்று 1981-ல் காட்டினார். 1984-ல் தைவான் அரசு பிறந்த குழந்தைகளுக்கு ஊசி போடத் தொடங்கியது. பத்தே ஆண்டில், 6 முதல் 14 வயதுக் குழந்தைகளிடம் கல்லீரல் புற்றுநோய் லட்சத்துக்கு 0.70-லிருந்து 0.36 ஆகக் குறைந்தது. ஒரு தடுப்பூசியால் புற்றுநோயைத் தடுக்க முடியும் என்று உலகம் கண்ணால் கண்டது.

நம் நாட்டில் இந்த ஊசியை மலிவாக்கியதில் ஓர் இன்ஜினியருக்குப் பங்கு உண்டு என்பது நமக்கெல்லாம் பெருமை. எலெக்ட்ரானிக்ஸ் படித்த வரப்பிரசாத் ரெட்டி ஹைதராபாத்தில் தொடங்கிய சாந்தா பயோடெக்னிக்ஸ், 1997-ல் நம் நாட்டிலேயே தயாரித்த ஹெபடைடிஸ் பி ஊசியைக் கொண்டுவந்தது. நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு இறக்குமதி ஆன ஊசி சாமானியர் கைக்கு எட்டியது.

கீழாநெல்லியும் பிளம்பெர்க்கும்

நம் மாநிலத்துக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. எங்கள் அப்பத்தா யாருக்குக் காமாலை வந்தாலும் வயல் வரப்பில் கீழாநெல்லி பிடுங்கி, அரைத்து, மோரில் கலக்கிக் கொடுப்பார். "உப்பைத் தொடாதே" என்று உத்தரவு வேறு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையத்தில் எஸ்.பி. தியாகராஜன் இந்தச் செடியை ஆராய்ந்துவந்தார். அவர் பின்னாளில் அந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானவர். பிளம்பெர்க்கும் இதில் ஆர்வம் கொண்டார். ஃபிலடெல்ஃபியாவில் இந்தச் செடியின் சாறு, ஹெபடைடிஸ் பி-க்கு உறவான ஒரு வைரஸின் நொதியைத் தடுப்பதாக 1987-ல் ஆய்வகச் சோதனையில் தெரிந்தது.

1988-ல் 'லான்செட்' இதழில் தியாகராஜன் குழுவும் பிளம்பெர்க்கும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கீழாநெல்லிப் பொடி முப்பது நாள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் ஆன்டிஜென் மறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்து உட்பட மற்ற இடங்களில் செய்துபார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011-ல் எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்தவர்களும் போதிய ஆதாரம் இல்லை என்றே முடித்தார்கள்.

அப்பத்தா கொடுத்து எத்தனையோ பேர் பிழைத்தார்களே என்று கேட்கலாம். காமாலையில் பல ஹெபடைடிஸ் ஏ வகை. அது சில வாரங்களில் தானாகவே போய்விடும், பேர் கீழாநெல்லிக்கு. 'பி' வகையில் அப்படி நம்பி உட்கார்ந்துவிட்டால் ஆபத்து. அப்பத்தா மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. ஆனால் என் பிள்ளைக்கு ஊசிதான் போட்டேன்.

பரிசுக்குப் பின்னும் பயணம்

1976-ல் நோபல் பரிசு பிளம்பெர்க்குக்கும் கார்ல்டன் கைடுசெக்குக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. அதன் பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. 1986-ல் பெங்களூரில் இந்திய அறிவியல் அகாதமியின் ராமன் பேராசிரியராக வந்திருந்தார். 1989 முதல் 1994 வரை, தான் மாணவராக இருந்த அதே பேலியல் கல்லூரியின் தலைவர். அந்தப் பதவிக்கு வந்த முதல் அமெரிக்கர், முதல் விஞ்ஞானி. ஒரு முன்னாள் மாணவருக்கு இதைவிட வேறென்ன பெருமை வேண்டும்? 1999-ல், எழுபது வயதைத் தாண்டியபின், பூமிக்கு வெளியே உயிர் உண்டா என்று ஆராயும் நாசாவின் விண்வெளி உயிரியல் நிலையத்துக்கு முதல் இயக்குநர் ஆனார். 2011 ஏப்ரல் 5-ந் தேதி, கலிபோர்னியாவில் நாசா வளாகத்தில் ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு வந்தவர் அங்கேயே காலமானார். வயது 85. அவர் பிறந்தநாளான ஜூலை 28-ஐத்தான் உலகக் கல்லீரல் அழற்சி நாளாகக் கொண்டாடுகிறோம்.

அவரோடு முதல் கோட்டைப் பார்த்த ஹார்வி ஆல்ட்டரையும் சொல்ல வேண்டும். 'பி' உள்ள ரத்தத்தை நீக்கியபிறகும் ரத்தம் ஏற்றியவர்களுக்குக் காமாலை வந்ததைக் கவனித்து விடாமல் துரத்தினார். அதுதான் ஹெபடைடிஸ் சி. 2020-ல் அவருக்கும் நோபல் கிடைத்தது.

மரபணுக் கேள்வி என்ன ஆயிற்று? அதுவும் வீண்போகவில்லை. ஒரே வைரஸ் தொற்றியும் சிலர் உடம்பு அதை விரட்டிவிடுகிறது, சிலர் உடம்பில் தங்கிவிடுகிறது. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் சில மரபணு வேறுபாடுகளுக்கு இதில் பங்கு உண்டு என்று 2009-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் காட்டினார்கள். சூரிநாமில் எழுந்த கேள்விக்கு ஐம்பத்தொன்பது ஆண்டு கழித்து ஒரு துண்டு விடை!

அந்தப் புள்ளி

பிளம்பெர்க்கின் எழுத்துகளில் என்னைத் தைத்தது ஒன்று உண்டு. இந்தப் பரிசோதனை வந்த புதிதிலேயே அவர் ஒரு கவலையை எழுப்பினார். ரத்த வங்கியைக் காப்பாற்றும் இதே பரிசோதனை, ஒரு மனிதனை 'கிருமி சுமப்பவன்' என்று முத்திரை குத்தவும் பயன்படுமே, அவன் வேலையும் வாழ்க்கையும் என்ன ஆகும் என்று. 1970-களில் அவர் பயந்ததை 2006-ல் நான் ஓர் ஆணியை வைத்துச் செய்திருக்கிறேன்.

உண்மை என்ன தெரியுமா? இந்த நோய் ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. கட்டிப்பிடித்தால் வராது. பக்கத்தில் உட்கார்ந்தால் வராது. ரத்தத்தால், சுத்தமில்லாத ஊசியால், உடலுறவால், பிரசவத்தின்போது தாயிடமிருந்து வரும். பிறக்கும்போது தொற்றினால் நூற்றில் தொண்ணூறு குழந்தைகளுக்கு நிரந்தரமாகத் தங்கிவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகவே தங்கும். பெரும்பாலும் என் நண்பனும் இதைப் பிறந்த அன்றே வாங்கி வந்திருப்பான். அவன் செய்த தப்பு என்று எதுவுமே இல்லை.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2022-ல் உலகில் 25 கோடிப் பேருக்கு மேல் இந்த வைரஸோடு வாழ்ந்தார்கள். இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 3 கோடி. அந்த ஓராண்டில் இதனால் இறந்தவர்கள் 11 லட்சம். நம்மில் ஐந்நூறு பேர் கூடினால் நிச்சயம் சிலருக்கு இருக்கும்; பலருக்குத் தெரிந்தே இருக்காது. நம் தமிழ்நாட்டில் 2011 இறுதியிலிருந்து குழந்தைகளுக்கான ஐந்து நோய்த் தடுப்பூசியிலேயே இது அடக்கம். ஆனால் அதற்கு முன் பிறந்த நம்மில் பலர் போட்டுக்கொண்டதே இல்லை. 2018 முதல் அரசின் தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். இல்லை என்றால் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் பயம் வேண்டாம். வைரஸை அடக்கி வைக்க நல்ல மாத்திரைகள் இருக்கின்றன.

என் நண்பனை இரண்டு ஆண்டுக்கு முன் தேடிப் பிடித்தேன். நன்றாக இருக்கிறான். தினம் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். மகளுக்குப் பிறந்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஊசி போட்டுவிட்டார்கள். அவளுக்கு ஒன்றும் இல்லை. புள்ளி வைத்தது நான்தான் என்று போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தெரியும்டா. நீதான் ஆணியை என் பெட்டியில இருந்தே எடுத்தே" என்றான். இந்தக் கட்டுரையை அனுப்பிப் படிக்கச் சொன்னேன். "பேரு வேண்டாம். விஷயத்தை எழுது. யாருக்காவது உபயோகப்படும்" என்றான்.

இந்தச் சந்திப்புக்கு அவன் வருகிறான். மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் பேட்ச் ஒரே வரிசையில் உட்காருவதாகப் பேச்சு. அவனுக்குப் பக்கத்து இலை என்னுடையது. இதை இப்போதே இந்த மலரில் ரிசர்வ் செய்துகொள்கிறேன்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!